வேஷம் எது, உலகம் எது?

உலகத்தோடு ஒத்துப்போகாதே என்பது எங்கள் காதில் அதிகமாக விழுந்த பிரசங்கம். ரோமர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு போதகர் பேசத் தொடங்கினால், அடுத்து என்ன வரும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சினிமா பார்க்காதே. பூ வைக்காதே. பொட்டு வைக்காதே. நகை போடாதே. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த கரும்பைக் கடிக்காதே. இதெல்லாம்தான் உலகம், இதையெல்லாம் விட்டவன் மறுரூபமானவன்.

எங்கள் வீட்டுப் பெண்களிடம் கழற்றுவதற்கு நகை இருந்ததில்லை. நாற்று நடப் போகிறவர் தலையில் மல்லிகைப்பூவுக்கு வேலையும் இல்லை. ஆகவே அந்தப் பட்டியலில் பாதியை எங்கள் சனம் சிரமமே இல்லாமல் கடைப்பிடித்தது. பட்டியலில் வராத ஒன்றைத்தான் ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில் தினமும் சந்தித்தோம். அதற்குப் பெயர் சாதி. பிரசங்க மேடையில் அந்தச் சொல் வந்து நாங்கள் கேட்டதே அரிது.

நாங்கள் ஏழெட்டுப் பேர். திருமயம் பக்கத்துக் காலனிகளில் பிறந்து, வேலைக்கும் படிப்புக்கும் புதுக்கோட்டை, காரைக்குடி, திருச்சி என்று போய்வருகிறவர்கள். சிலருடையது கத்தோலிக்கக் குடும்பம், சிலருடையது பெந்தெகொஸ்தே. இரண்டு பேர் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தன்னைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்கிறார். மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். அம்பேத்கரைப் படிக்கும்போது விவிலியமும் பக்கத்தில் இருக்கும். இந்த வருடம் அந்த 12ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டோம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'வேஷம்' என்ற சொல் வருகிறது. எங்கள் விவாதம் முழுக்க அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடந்தது. எது வேஷம்? யார் போட்டுக்கொண்டது? யார் கழற்ற மறுக்கிறார்கள்?

உலகம் எது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குத் திருமயமே போதும். வெளியூர்க்காரர்களுக்குத் திருமயம் என்றால் கோட்டை. 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. மலையின் சரிவில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் ஒரே பாறையில் அருகருகே குடையப்பட்டிருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் நீண்ட வழக்கு நடந்தது. 1245இல் ஹொய்சளப் படைத்தலைவன் அப்பண்ணன் முன்னிலையில் அது தீர்ந்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. வருமானத்தைப் பங்கு பிரித்து, நடுவே சுவர் வைத்துத் தீர்த்தார்கள். கடவுளுக்கும் கடவுளுக்கும் இடையில் சுவர் எழுப்பிச் சமாதானம் செய்த ஊர் இது. அந்தச் சுவரின் இரண்டு பக்கத்திலும் எங்கள் முப்பாட்டன்மார் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கான கோடு ஊருக்கு வெளியிலேயே போடப்பட்டிருந்தது.

சுவர் வைத்துச் சமாதானம் செய்யும் இந்த முறையைத் தமிழ்நாட்டுத் திருச்சபை நன்றாகவே கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை' என்று ஒருவர் சொல்லும்போதும், 'மிஷனரிகள்தான் சாதியை ஒழித்தார்கள்' என்று இன்னொருவர் சொல்லும்போதும் வாயடைத்து நிற்கக் கூடாது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், சைவ உணவு உண்டார், உயர்சாதிச் சந்நியாசியாக வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் ஆழமாகக் கற்றார். அந்த உழைப்பை மறுக்க முடியாது. ஆனால் அந்த வேஷத்துக்கு ஒரு விலை இருந்தது. அவர் எங்கள் சேரிக்குள் வர முடியாது. வந்தால் வேஷம் கலைந்துவிடும். அதனால் 1640 வாக்கில் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். ஒரே கடவுளுக்கு இரண்டு வகைச் சாமியார்கள். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் நுழைந்து கடைசிச் சடங்கு செய்யலாமா, கூடாதா என்பது உரோமாபுரி வரை போன வழக்கு. 1704இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் நுழைந்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். 40 ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் அதை உறுதி செய்தார். அப்போதும் கிடைத்த வழி, பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்குவதுதான். நம் புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் அந்தப் பழைய மிஷனின் மையங்களில் ஒன்று. இந்தக் கதை எங்கோ நடந்த கதை இல்லை.

சீர்திருத்தச் சபைகளுக்கு வருவோம். தஞ்சாவூர் மிஷன் கோயில்களில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் மறு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் யார் முதலில் கிண்ணத்தில் வாய் வைப்பது என்பதிலும் சாதி இருந்தது. இதை மாற்ற முயன்ற மிஷனரிகளை எதிர்த்து 1829இல் எழுதியவர்களில் ஒருவர் வேதநாயக சாஸ்திரியார். இன்றைக்கும் நாம் உருகிப் பாடும் பாடல்கள் பலவற்றை எழுதியவர் அவர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடலாம், சாதியை விட முடியாது என்று முடிவெடுத்தார்கள் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தார்கள். மற்ற சாதியாருடன் உட்கார்ந்து சாப்பிடுவதே அதற்கான சோதனை. லைப்சிக் மிஷன் மட்டும் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

அந்தச் சோதனை எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். வேதசாஸ்திரக் கேள்வி ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார், ஒரே சோற்றைச் சாப்பிடு. அவ்வளவுதான். அதில்தான் ஆள் ஆளாகத் தோற்றார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில் இன்னும் வெளிப்படையானது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனி நீள மண்டபங்கள். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் திரும்ப வேண்டும் என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1917இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது. சுவரை இடித்தது ஒரு குருவானவர், சுவர் கேட்டு வழக்காடியது விசுவாசிகள். மறுரூபம் மேலிருந்து மட்டும் வந்துவிடாது, கீழிருந்து மட்டும் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்பவர்களைத் திருச்சி மேலப்புதூருக்கு அழைத்துப்போகலாம். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளையும் மற்றவர்களின் கல்லறைகளையும் பிரிக்கும் சுவருக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்திருக்கிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது. கடைசி நாளில் எல்லோரும் எழுந்து வரும்போது எந்தப் பக்கத்து வாசலைத் திறப்பார்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரித்தோம். பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தாத்தாவும் அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு மூலையில்தான் கிடக்கிறார்.

அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், பொதுவழியில் பிணம் கொண்டுபோகவும் சமமாக நடத்தப்படவும் முடியாத தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அது கலவரமாக வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த இரண்டு உயிர்களுக்காகவும் நாங்கள் வருந்துகிறோம். சாதி யாரைப் பலி கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தவக்காலத்தில், ஒரே மாதாவை வணங்குகிறவர்களுக்கு நடுவில் நடந்தது அது.

இந்த வரலாற்றில் வேஷத்தைக் கழற்றியவர்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர் நீலகண்டன். 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒடுக்கப்பட்ட சாதியாரோடு சமமாகப் பழகியதும் அவர் மீது ஆத்திரம் மூண்டதற்கு ஒரு காரணம். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பு ஒரு விவாதம் நடந்தது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பட்டம் நீக்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள். வத்திக்கான் நீக்கியது. செத்து 270 வருடம் ஆன பிறகும் ஒரு இரத்தசாட்சியின் பெயரிலிருந்து சாதியைக் கழற்ற மனுப் போட வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவர்கள் தங்கள் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

புனிதர் பட்டம் பெறாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் ஞானஸ்நானம் எடுத்த நாட்களில் செய்ததைக் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள். சாவுச்சேதி கொண்டுபோக மாட்டோம் என்றார்கள். பண்ணையார் வீட்டு விசேஷத்தில் மிச்சச் சோற்றுக்குப் பாத்திரம் ஏந்தி நிற்க மாட்டோம் என்றார்கள். எழவுக்குத் தப்படிக்க எங்கள் ஆள் வராது என்றார்கள். உடனே வயல்வேலை நின்றது. கடையில் கடன் நின்றது. பாதை அடைபட்டது. அப்படியும் சிலர் பின்வாங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களுக்கு ரோமர் நிருபத்தின் அதிகார எண் தெரியாது. ஆனால் அந்த அதிகாரத்தை எங்கள் ஊரில் முதலில் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். அதே அதிகாரம் சில வரிகள் தள்ளி, தன்னைப் பெரியவனாக நினைப்பதை விட்டு எளியவர்களோடு சேர்ந்து வாழச் சொல்கிறது. நகைப் பட்டியல் வாசிக்கும் பிரசங்கங்கள் அந்த வரி வரை போவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

அன்று கீழே வைத்த பறையை வேறு விதமாகக் கையில் எடுத்தவரையும் சொல்ல வேண்டும். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, மாணவர்கள் அழைத்தபடி 'பறட்டை', நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சாப்பிடுவதைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். தப்படிக்க மாட்டோம் என்ற பாட்டியும், ஆராதனையில் பறை அடித்த பேத்தியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவர்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கட்டளைக்கு அடிப்பதை ஒருவர் நிறுத்தினார். தன் கடவுளுக்காக, தன் விருப்பத்துக்கு அடிப்பதை இன்னொருவர் தொடங்கினார்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறோம். மாணவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான். 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேறுபாடு பார்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அதாவது, டீக்கடைக்காரர் எங்களைப் பறையர் என்கிறார், அரசு இல்லை என்கிறது. அடி விழும்போது சாதி உண்டு, வழக்குப் போடும்போது சாதி இல்லை.

இதனால் எத்தனையோ குடும்பங்கள் காகிதத்தில் இந்து, வீட்டுச் சுவரில் சிலுவை என்று வாழ்கின்றன. இவர்களைப் பார்த்துத்தான் சில போதகர்கள், 'வேஷக்காரர்கள், உலகத்தோடு சமரசம் செய்தவர்கள்' என்று மேடையில் முழங்குகிறார்கள். எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரி மாணவிக்கு இது நடந்தது. ஞானஸ்நானம் எடுக்க விரும்பினார். எடுத்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் போகும், அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். சான்றிதழைத் தூக்கி எறிந்துவிட்டு விசுவாசத்தை நிரூபி என்று அவரிடம் சொன்னவர், தன் மகளுக்குத் தன் சாதியிலேயே கிறிஸ்தவ மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கை எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. 'அண்ணே, நான் போட்டிருக்கிறது வேஷம்னா அவரு போட்டிருக்கிறது என்ன?'

எங்கள் பதில் இது. அந்த இரட்டை வாழ்க்கையை அவள் மேல் திணித்தது ஒரு சட்டம். பசியோடு படிக்கிற பிள்ளையிடம் தியாகத்தைக் கேட்பதற்கு முன்பு, அந்தச் சட்டத்தை மாற்ற ஆகஸ்டு 10 அன்று தெருவில் வந்து நில்லுங்கள். அவளை ஞானஸ்நானம் எடு என்றோ எடுக்காதே என்றோ நாங்கள் சொல்லவில்லை. அது அவள் முடிவு. அவளை வேஷக்காரி என்று அழைக்கும் உரிமை சாதிக்குள் மணம் முடிப்பவருக்கு இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னோம்.

கல்யாணம்தான் இதில் கடைசிக் கோட்டை. திருமண விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். கிறிஸ்தவ நாடார், கிறிஸ்தவ வெள்ளாளர், கிறிஸ்தவ உடையார். 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். எங்களில் ஒருவருக்குப் பெண் பார்க்கப் போனபோது ஜெபத்தோடுதான் பேச்சு தொடங்கியது. சாட்சி கேட்டார்கள், சொன்னார். மகிழ்ந்தார்கள். காபி வந்தது. பிறகு மெதுவாக, 'தம்பி, வீடு ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?' என்றார்கள். பதில் சொன்னதோடு பேச்சு முடிந்தது. போகும்போது அவருக்காக ஜெபிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

2022 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எங்கள் மாவட்டத்து இறையூர் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் நோயில் விழுந்திருந்தார்கள். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் நேரில் பார்த்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகளாகக் காட்டியது. மக்கள் அதை ஏற்கவில்லை. நாங்களும் ஏற்கவில்லை. அந்த வருடப் புத்தாண்டு ஆராதனைகளில் நாங்கள் இருந்த இடங்களில் வேங்கைவயல் என்ற பெயர் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஜீவத் தண்ணீரைப் பற்றி மட்டும் நீண்ட செய்தி கொடுத்தார்கள்.

மனம் புதிதாவதைப் பற்றி அம்பேத்கர் எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒன்று உண்டு. மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலையைப் பற்றி எழுதும்போது, கோயில் மாறியும் அவர்கள் சமூக நிலை மாறாததையும், திருச்சபை அதற்காகப் போராடாததையும் அவர் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது வெறும் பெயர் மாற்றத்தோடு நிற்காமல் 22 உறுதிமொழிகளை எடுக்கவைத்தார். மனம் மாறியதா என்பதைத் தினப்படி நடத்தையில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வழி. நம்பிக்கையுள்ள தோழர்களும் இந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே யாரும் நம்மை 'சபையைப் பிளக்கிறவர்கள்' என்று பயமுறுத்த முடியாது. பிளவு முன்பே இருக்கிறது. நாம் அதைக் காட்டுகிறோம்.

உங்கள் ஊரில் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போடுங்கள். திருவிழாத் தேர் எந்தத் தெருவரை வருகிறது, எந்த முனையில் திரும்புகிறது என்று எழுதிவையுங்கள். பங்குப் பேரவையில், சபைக் கமிட்டியில், மிஷன் பள்ளி வேலைகளில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அசனத்தில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் இலை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். நம் தெருவுக்குள்ளேயும் பாருங்கள். நமக்குக் கீழே என்று ஒரு சாதியைக் காட்டி அருந்ததியர் வீட்டில் கை நனைக்காதவர் எவராவது இருந்தால், அவரிடம் போய்ப் பேசுங்கள். பிறகு அந்த விவரத்தோடு போதகரிடமும் பங்குத்தந்தையிடமும் உட்காருங்கள். கத்த வேண்டாம். 12ஆம் அதிகாரத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலில் எது உலகம், எது மறுரூபம் என்று அவர்களே சொல்லட்டும்.

நல்ல பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வடக்கன்குளத்தில் 1910இல் ஒருவர் இருந்தார். சொல்லாதவர்களிடம் அடுத்த மாதமும் போவோம்.